ஏழு எழுத்தும் ஒரு ஜெராக்ஸ் கடையும்

ஜெராக்ஸ் கடைக்காரன் மிஷினோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை போட்டதில்லை. என்னைப் போலப் போட்டு மாட்டிக்கொண்டவர்களே, உங்களிடம்தான் என் வயிற்றெரிச்சலைக் கொட்ட முடியும். மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகும் ரோட்டில் என் கடை. எதிரில் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல். ஜெராக்ஸ், பிரவுசிங், ஆதார் பிரிண்ட் என்றுதான் போர்டில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் வார்த்தை கிடைக்கும் என்று எங்கேயும் எழுதவில்லை.

போனோடு வந்தவர்கள்

மூணாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம். ஏழு கட்டத்தில் ஏழு இங்கிலீஷ் எழுத்து இருக்கும். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பத்து வார்த்தை கண்டுபிடிக்க வேண்டும். சாயந்திரமானால் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும். பத்து தேறாத பிள்ளை மறுநாள் கிளாசுக்கு வெளியே நிற்க வேண்டும். வீட்டிலிருந்து யாராவது வந்து மிஸ்ஸைப் பார்த்தால்தான் உள்ளே விடுவார்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு தண்டனையா என்று ஒருத்தராவது ஸ்கூலில் போய்க் கேட்கவில்லை. எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவர், உப்பு லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் சுப்பிரமணி. கட்டங்களைக் காட்டி, இதை பிரிண்ட் எடுத்தால் வார்த்தை தானாக வருமா என்றார். வராது என்றேன். ஸ்கூல் மேல் வரவேண்டிய கோபம் என் மேல் வந்தது. "ஏம்பா, இவ்ளோ பெரிய மிஷின் வெச்சிகினு இருக்கிற, பத்து வார்த்தை வரலைன்னா எதுக்குப்பா கரண்டு பில்லு கட்ற?"

கொட்டிய வார்த்தைகள்

வீம்புக்கு நெட்டில் தேடினேன். எழுத்தைப் போட்டால் வார்த்தையாகக் கொட்டும் சைட்டுகள் இருக்கின்றன. கொட்டியது. பாதிக்கு எனக்கு வாயே திரும்பவில்லை. கடையில் கூட்டமோ தலைக்கு மேல். மேலே இருந்த பத்தை அப்படியே பிரிண்ட் எடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் நீட்டினேன்.

மறுநாள் மத்தியானம் கிளாஸ் மிஸ் மொட்டை வெயிலில் என் கடைக்கு வந்து நின்றார். ஒரே ஒரு பிள்ளையைத் தவிர வகுப்பு முழுக்க அதே பத்து வார்த்தை, அதே வரிசை. அதில் ஒன்றுக்கும் அவருக்கே அர்த்தம் தெரியவில்லையாம். எல்லாம் டிக்‌ஷனரியில் இருக்கிற வார்த்தைதான் மிஸ், நான் ஒன்றும் கள்ள நோட்டு அடிக்கவில்லை என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அர்த்தம் என்னன்னு கேட்டா மொத்த கிளாசும், 'ஜெராக்ஸ் அங்கிளுக்குத் தெரியும் மிஸ்'னு சொல்லுது சார்!"

பத்தாவது

அன்றோடு ஸ்கூலில் புதுச் சட்டம் வந்தது. பயிற்சித்தாளோடு ஒரு விடைத்தாளும் வருமாம். அவர்கள் பாஷையில் அதற்குப் பெயர் கீ. அதில் இருபது வார்த்தை இருக்கும். பிள்ளை எழுதும் பத்தும் அந்த இருபதுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பு. கீயில் என்ன இருக்கிறது என்று பிள்ளை ஜோசியமா பார்க்கும்?

என் பிரிண்ட்டை ஒருபோதும் வாங்காத ஒரே பிள்ளை திவ்யா. அவள் அம்மா அஞ்சலை உப்பளத்தில் வேலை செய்கிறவர். வீட்டில் பட்டன் போன்தான். அதனால் திவ்யா சாயந்திரம் என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, என் போனைப் பார்த்துக் கட்டங்களை எழுதிக்கொள்வாள். வார்த்தைகளைத் தானே கண்டுபிடித்து, ராத்திரி அம்மாவுக்கு ஒவ்வொன்றாக அர்த்தம் சொல்லுவாளாம். புதுச் சட்டத்துக்கு அப்புறம் ஒருநாள் வந்த எழுத்துகள் பி, ஏ, எஸ், கே, ஈ, டி, ஆர். ஒன்பது வந்துவிட்டது. பத்தாவது வரவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தவள், அம்மா உப்பு வாருகிற நீளக்கழிப் பலகைக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டாள். தேடிப் பார்த்து 'ரேக்' என்றேன். கட்டங்களில் விரலை வைத்து வைத்துப் பார்த்தவள் ஸ்டூலிலிருந்து குதித்தாள். "அங்கிள், நாலு எழுத்தும் இருக்குது! பத்தாவது எங்கம்மா பலகை!"

டெல்லியில் இருந்து

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால் எதிரே ஸ்கூல் வராந்தாவில் திவ்யா நிற்கிறாள். பத்தாவதாக எழுதிய 'ரேக்' தப்பாம். எனக்கு ரத்தம் கொதித்தது. டிக்‌ஷனரிப் பக்கத்தைப் படத்தோடு பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார், தலையை ஆட்டினார், என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் பேரண்ட் இல்லையாம். பேரண்ட் வராமல் பிள்ளையை உள்ளே விட முடியாதாம். அப்போ வார்த்தை தப்பா என்று கத்தினேன். "வார்த்தை சரிதான் சார், யாரு இல்லன்னாங்க? கீயில இல்லியே. கீ டெல்லியில இருந்து வருது, அதுல நாங்க கை வைக்க முடியாது."

அஞ்சலை வந்தார்

யாரோ உப்பளத்துக்குப் போய்ச் சொல்லி, அஞ்சலை பாத்தியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். பாதியில் போனால் மேஸ்திரி அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார். அன்றைய கூலி போனதுதான். மிஸ்ஸைக் கும்பிட்டு, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, பயிற்சித்தாளோடு என் கடைக்கு வந்தார். முழங்கால் வரைக்கும் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. எது தப்பாம், காட்டுங்க என்றார். காட்டினேன். அர்த்தத்தையும் சொன்னேன். சிவப்பு மையில் அடித்திருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். "நம்ம பலகை இல்லன்றாங்களா அண்ணா? அப்போ விடிகாலையில இருந்து நான் எதப் புடிச்சிகினு நின்னேன்?"

அடுத்த வாரம் புதுக் கீயை ஜெராக்ஸ் எடுக்க ஸ்கூலிலிருந்து ஆள் வந்தபோது, காலையிலிருந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் மிஷினுக்குத் திடீரென்று ரிப்பேர் வந்துவிட்டது, அது சரியாக வேண்டுமானால் டெல்லியிலிருந்துதான் ஆள் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.