கதவுக்குப் பின்னால் நின்றவன்

எவரிஸ்தோ குடித்துவிட்டு உளறினான் என்று இப்போதே சொல்லிவிடாதீர்கள். வயிற்றுப்புண்காரன். மாத்தே கஷாயத்தைத் தவிர எதையும் தொடமாட்டான். நடந்தது நள்ளிரவிலும் இல்லை. பட்டப்பகலில், புவெனஸ் ஐரிஸ் நகரின் நடுவில், டிக்கெட் வாங்கிக்கொண்டு போன இடத்தில்.

அவன் நாடக நடிகன். ஆனால் அவன் நடித்து யாரும் பார்த்ததில்லை. ராமிரோ எழுதி இயக்கிய அந்த நாடகத்தில் ஒரு வீடு, ஒரு மேசை, ஒரு கதவு. துரத்தப்பட்ட அப்பன் திரும்பி வந்து கதவுக்கு வெளியே நின்று இருமுவான். “அல்சீரா... கதவைத் திற” என்று மகளைக் கெஞ்சுவான். கடைசிவரை திறக்கமாட்டார்கள். அந்த அப்பன்தான் எவரிஸ்தோ. திரை விழுந்த பிறகு வந்து தலைகுனிந்து வணங்குவான், அவ்வளவுதான். கைதட்டல் மட்டும் கூரையைப் பிளக்கும்.

நாடகம் படமாகப் போகிறது என்றதும் ராமிரோ அவன் தோளில் கைபோட்டான்.

“படத்துல கதவு திறக்கும்டா. உன் மூஞ்சிய நாடே பார்க்கும்.”

பாவி மனுஷன், கடன் வாங்கிப் பல் கட்டிக்கொண்டான். ஊரெல்லாம் சொல்லிவைத்தான். ஆனால் யாரும் கூப்பிடவில்லை. சுவரொட்டியைப் பார்த்துத்தான் படம் முடிந்ததே அவனுக்குத் தெரிந்தது. மகளாக நடிக்கும் தெல்ஃபினா, தினமும் அவனோடு ரொட்டியைப் பிட்டுத் தின்றவள், அவள்கூட வாய் திறக்கவில்லை. 

தன் இடத்தைத் திருடியவன் யார் என்று பார்க்க வியாழக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனான்.

அதே மேசை. அதே கதவு. தெல்ஃபினா சூப்பை ஊற்றுகிறாள். கதவுக்குப் பின்னால் இருமல்.

அவன் இருமல்.

கொஞ்சம் இழுத்து, கடைசியில் விக்கி... அச்சு அசலாக அவனுடையது. திருட்டுத்தனமாகப் பதிவு பண்ணிவிட்டார்கள் என்று பல்லைக் கடித்தான்.

“அல்சீரா... கதவைத் திற.”

அதுவும் அவன் குரல்தான். ஆனால் நடுவில் ஒரு மூச்சு. அந்த இடத்தில் அவன் என்றைக்கும் மூச்சு விட்டதில்லை...

கடைசிக் காட்சி. கதவு திறந்தது.

இருட்டு. ஆள் இல்லை.

இருமல் மட்டும் வந்தது.

பிறகு மெதுவாக... “ராமிரோ... திறந்துட்டியா?”

கதையில் ராமிரோ என்று யாருமே கிடையாது.

சுற்றிப் பார்த்தான். பக்கத்து வரிசையில் ஒருத்தி மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

எழுந்தான். ஓடினான்.

நேரே தெல்ஃபினா வீடு. என் குரலை விற்றுத் தின்றீர்களா என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டான். அவள் திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“உன் குரலை யாரும் எடுக்கல, எவரிஸ்தோ.”

“அப்ப அது யாரு?”

“நாடகம் ஆரம்பிச்ச புதுசுல நீ நுரையீரல் காய்ச்சலோட ஆஸ்பத்திரியில கிடந்தியே. நாடகத்த நிறுத்தி வச்சிருக்கோம்னு ராமிரோ சொன்னான்ல? நிறுத்தல.”

“எனக்குப் பதிலா யார நிக்க வச்சீங்க?”

“நாங்க யாரையும் நிக்க வைக்கல... இருமல் தானா வந்துச்சு.”

 இத்தனை வருஷமும் என்னிடம் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டான். 

“சொன்னா நீ ஓடிப்போயிருப்ப. முடிஞ்சதும் வந்து கும்பிட ஒரு ஆள் வேணுமே. ஆளே இல்லாம சத்தம் வருதுன்னு தெரிஞ்சா எவன் டிக்கெட் வாங்குவான்? சினிமாவுல அந்தக் கும்பிடு தேவையில்ல. அதான் ராமிரோ உன்னைக் கூப்பிடல.”

அத்தனை கைதட்டலும் யாருக்கு விழுந்தது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அழுதுவிட்டான்.

“நான் திரும்பி வந்ததும் அது போயிடுச்சா?” என்றான்.

தெல்ஃபினா தலையசைத்தாள். இல்லை என்று.

“அதுக்கப்புறம் தினமும் ரெண்டு இருமல் கேட்டுது... நீ நின்ன அதே இடத்துலேர்ந்து.”