வெயிலில் கறுக்காத கல்

பேய், சகுனம், மந்திரம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. யாராவது அப்படிக் கதை ஆரம்பித்தால் நடுவில் எழுந்து டீ போடப் போய்விடுகிற ஆள் நான். அதனால் இதை நீங்கள் நம்பவில்லை என்றாலும் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எனக்குக் கல் பைத்தியம். நவரத்தினம் இல்லை, பழைய சுரங்கங்களில் யாருக்கும் வேண்டாமல் கிடக்கிற படிகங்கள், அதிலும் பாஸ்பேட் கற்கள். லீவு கிடைத்தால் டெல்லியிலிருந்து பஸ் பிடித்து ராஜஸ்தான் போய், மூடிக் கிடக்கும் மைக்கா சுரங்கங்களின் வாயில் கழிவுக் குவியலைக் கிளறிக்கொண்டிருப்பேன். என் மனைவி மெர்சிக்கு ஊர் நாகர்கோவில், இங்கே நர்ஸ். சரோஜினி நகர் வீட்டில் கல்லுக்கு இருக்கிற இடம் தனக்கு இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அப்படி ஒரு தடவை விவியனைட் கிடைத்தது. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த கல். எடுக்கும்போது இளம்பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கும், வெளிச்சம் பட்டால் நீலமாகி, கறுத்து, கடைசியில் பிளந்துவிடும். கறுத்தது கறுத்ததுதான். அதனால் கண்ட நிமிஷமே கறுப்புத் துணியில் சுற்றிவிடுவோம், ஆசைதீரப் பார்ப்பதுகூடக் கிடையாது. மே மாத வெயிலுக்குப் பயந்து நான் அதை ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். மெர்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் அப்போது நிறைமாதம். அதற்கு முன் இரண்டு முறை கலைந்து போயிருந்தது, வீட்டில் சத்தமாகச் சிரிக்கவே எங்களுக்குப் பயம். ஒருநாள் மத்தியானம் ஆபீசுக்கு போன் செய்தாள். காலையிலிருந்து குழந்தை அசையவில்லை, இனிப்பாகக் குடித்தும், ஒருக்களித்துப் படுத்தும் பார்த்தாயிற்று என்றாள். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற குரல் நடுங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்களோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன், நான் வராமல் போக மாட்டேன் என்று பிடிவாதம்.

ஆட்டோவில் அடித்துப் பிடித்து வந்தேன், டிரைவரை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். ஜன்னலோரக் கட்டிலில் மெர்சி, வயிற்றின் மேல் என் விவியனைட், அதன்மேல் சுள்ளென்று வெயில். குளிர்ச்சி பட்டால் குழந்தை அசையும் என்று ஃபிரிட்ஜில் கைக்குக் கிடைத்த பொட்டலத்தை எடுத்திருக்கிறாள், துணி வழுக்குகிறது என்று அதையும் உருவிப் போட்டிருக்கிறாள். நான் கையை நீட்டினேன்.

"எடுக்காதீங்க. இத வச்ச பொறவுதான் பிள்ள அசையுது. எடுத்தா நின்னுருது."

நான் எடுத்துப் பார்த்தேன். வயிறு அப்படியே அடங்கிவிட்டது. திரும்ப வைத்தேன், உள்ளிருந்து ஓர் உதை, கல்லே துள்ளியது. குளிர்ச்சி என்றும் சொல்ல முடியாது, வெயிலில் கல் நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன்.

கல்லை ஆளுக்கொரு கை பிடித்துக்கொண்டே ஆட்டோவில் போனோம். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, பாவம், இன்னும் வேகமாக ஓட்டினார். ஆஸ்பத்திரியில் கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. அவள் போட்ட கத்தலில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் பயப்படாமல் சத்தமாகச் சிரித்தேன்.

அப்புறம்தான் சட்டைப் பையிலிருந்து கல்லை எடுத்துப் பார்த்தேன். அதே இளம்பச்சை. மகள் ஜெனி இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள், கல் அன்றிலிருந்து ஜன்னலில்தான் கிடக்கிறது, இத்தனை வருஷ டெல்லி வெயிலில் கொஞ்சமும் மாறவில்லை. வேறு ஏதோ கல்லாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? ஒரு துணுக்கை லேபில் கொடுத்துப் பார்த்தேன், விவியனைட்தான்.

ஒன்றை மட்டும் இவ்வளவு நேரம் சொல்லவில்லை. சுரங்கத்தில் எடுக்கும்போதே அந்தப் படிகம் இரண்டாக உடைந்துவிட்டது. சின்னத் துண்டை அங்கேயே கறுப்புத் துணியில் சுற்றி, வீட்டுக்கு வந்ததும் இரும்புப் பெட்டியில் போட்டு பீரோவுக்குள் பூட்டியிருந்தேன். சாவி என்னிடம்தான். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பெட்டியைத் திறந்தேன். அது கரியாகக் கறுத்து, ஏடு ஏடாகப் பிளந்து கிடந்தது.

மெர்சி அதற்கும் சேர்த்து ஒரு ஜெபம் செய்துவிட்டு நிம்மதியாகிவிட்டாள். எனக்குத்தான் விடவில்லை. அந்தப் பூட்டிய இருட்டுக்குள் அது எந்த வெயிலைப் பார்த்தது?