வலது மூலையில் ஒரு பெருக்கல் குறி

காலையில் கடைக்குப் போய் கம்ப்யூட்டரைப் போட்டால், எனக்குத் தெரிந்த திரையைக் காணவில்லை!

தொண்ணூறுகளின் பின்பாதி. கேரள எல்லையோரப் பாறசாலையில் ஒரு டிடிபி கடை. கல்யாணக் கார்டு, சபை நோட்டீஸ், கோயில் நோட்டீஸ் எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுப்பது என் வேலை.

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவள் நான். (வாயைத் திறந்து பேசுவதில் கடைசி!)

முதலாளி ஸ்டான்லி அண்ணன், ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து விண்டோஸ் 3.1-ஐ எடுத்துவிட்டு 95-ஐ ஏற்றியிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கீழே இடது பக்கம் 'ஸ்டார்ட்' என்று புதிதாக ஒரு பட்டன். அதை அரை மணி நேரத்தில் பழகிவிட்டேன்.

என்னைக் கொன்றது வலது மேல் மூலை!

பழையதில் அந்த மூலையைத் தட்டினால் பக்கம் திரை முழுக்கப் பெரிதாகும். புதியதில் அதே இடத்தில் ஒரு பெருக்கல் குறி. தட்டினால் புரோகிராமே மூடிவிடும்!

மூடும் முன் 'சேவ் பண்ணவா?' என்று கேட்கும். பதறிப்போய் என்டர் அடிப்பேன். சேவ் ஆகி மூடிக்கொள்ளும். அந்தப் பழைய மெஷினில் மறுபடி திறக்க முழுசாக நாலு நிமிஷம்.

திங்கட்கிழமை மட்டும் பதினோரு தடவை. (எண்ணியது நானில்லை, ஸ்டான்லி அண்ணன்.)

கல்யாணக் கார்டை அன்றைக்கே வாங்கிப்போக வந்தவர் பொறுமை இழந்தார். "மோளே, இது இந்நு கிட்டுமோ?"

அண்ணன் முந்திக்கொண்டார். "கிட்டும் சேட்டா. பிள்ள கதவ சாத்திச் சாத்தித் தொறக்குது, அவ்வளவுதான்."

சாயங்காலம் என்னிடம் சொன்னார்.

"ஏ பிள்ளே, சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். நெய்யாற்றின்கரையில இந்த 95 படிச்ச ஒரு கொச்சுப் பிள்ள உண்டு. அடுத்த திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."

கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். இரண்டு பேருக்கு இடமில்லை. இந்த வேலை போனால் வீட்டில் அடுத்த பேச்சு என் கல்யாணம்தான்.

விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பக்கத்து ஊரான காரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? அடுக்களைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் பெரிய செவ்வகம் வரைந்தேன். வலது மேல் மூலையில் மூன்று சின்னப் பெட்டிகள்: கோடு, சதுரம், பெருக்கல். மௌசுக்குத் தீப்பெட்டி.

மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னட்டி இது, கதவ நாசமாக்குத?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இவ்வளவுதானா? நான் சொல்லுதேன், நீ தொடு. பெருசாக்கு!"

தீப்பெட்டி நேராகப் பெருக்கல் குறிக்குப் போனது.

"மூடிட்டியே மக்கா! நடுவுல உள்ளதாக்கும்!" கத்தியை நீட்டிக் காட்டினாள்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. ஆனால் என்னைவிடப் பிடிவாதக்காரி!

கிழங்கு வேகும்போது, "சின்னதாக்கு!" தேங்காய் திருவும்போது, "மூடு!" நான் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, "பெருசாக்குட்டி, என்ன பாத்துட்டு நிக்க?"

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சோற்றுக்கு முன் ஐம்பது தடவை சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

சனிக்கிழமை சபை நோட்டீஸ். நான்கு பக்கம், இரண்டு மொழி. சபைச் செயலாளர் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டான்லி அண்ணன் பக்கத்தில் நின்று என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். (வியர்வையில் மௌஸ் வழுக்கியது.)

மதியம் பிரிண்ட் எடுக்கும்வரை ஒரு தடவைகூட மூடவில்லை!

செயலாளர் வாசித்துப் பார்த்து, "கொள்ளாம், நல்லாருக்கு" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அண்ணன் அடுத்த வேலைக்கான தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். திரும்பி வந்தேன்.

"அண்ணே, திங்கக்கிழமை அந்தப் பிள்ளைய வரச் சொல்லாண்டாம்."

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதத்தில், யாரும் கேட்காமல் நானாகச் சொன்ன முதல் வாக்கியம்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒனக்குப் பேசவும் தெரியுமாக்கும்!"

"தெரியும் அண்ணே. 95-உம் தெரியும்."

சிரித்துக்கொண்டே போனை எடுத்து நெய்யாற்றின்கரைக்கு டயல் செய்தார். "செரி, நீ போ. நான் சொல்லிக்கிடுதேன்."

நான் போகவில்லை.

அவர் பேசி முடித்து போனை வைக்கும்வரை அங்கேயே நின்றேன்!