நின்றுபோன ஜீப்பும் நான்கு நட்டுகளும்

போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மலைச்சரிவில் என் ஜீப் நின்றுபோனது. அப்போது நான் ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் செய்ததைச் சொல்லவேண்டுமென்றால் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் பேர் ஸ்டெல்லா. ஹிந்திதான் பொதுப்பேச்சாக இருக்கிற ஒரு தீவில், பத்துபஸ்தி என்ற ஊரில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் அருள்ராஜ் பன்னிரண்டு வருஷம் இந்த ஜீப்பை ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக் கூரைக்குத் தார்ப்பாய் கட்ட ஏறியவர் வழுக்கி விழுந்ததில், முதுகெலும்பில் அடிபட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து அவர் பேச்சும் குறைந்துபோனது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், ஜெபிக்கக் கூப்பிட்டால் கண்ணை மூடுவார். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். “என்னால இந்த வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அவரை எழுப்பித் தாரும் என்று தினமும் அழுதேன்.

கல்யாணமான புதிதில் அவரே எனக்கு ஓட்டக் கற்றுத்தந்திருந்தார். அதனால் ஜீப்பை நான் எடுத்தேன். ஒரு பொம்பளையை நம்பி காட்டுப்பாதைக்கு யார் வருவார்கள்? கடைசியில் வேலை கொடுத்தவர் ரஹ்மத்துல்லா பாய். ராமநாதபுரத்துக்காரர். செல்போன் டவர்களைப் பழுதுபார்க்கிறவர். மலைமேல் இருக்கிற டவர்களுக்கு அவரையும், அவரோடு வேலை பார்க்கிற வங்காளி அண்ணன் துலால் தாதாவையும் நான்தான் கூட்டிப்போவேன்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை இடதுபக்க முன்சக்கரம் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் சரிசெய்து மாட்டிவிட்டு, “தீதி, சௌ கிலோமீட்டர் சலாகே ஏக் பார் டைட் கர் லேனா” என்றார். அக்கா, நூறு கிலோமீட்டர் ஓடினதும் நட்டுகளை ஒரு தடவை இறுக்கிக்கோ என்று அர்த்தம். சரி அண்ணே என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஞாயிறு ஆராதனை. திங்கள் இரண்டு சவாரி. நூறு கிலோமீட்டர் எப்போதோ தாண்டிவிட்டது. எனக்கு ஞாபகமே இல்லை.

செவ்வாய் காலையில் கிளம்பும்போது வழக்கம்போல ஸ்டியரிங்கில் கைவைத்து ஜெபித்தேன். சக்கரத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஃபெரார்கஞ்ச் தாண்டி ஒரு மலை. மேலே டவர். அந்த வட்டாரத்திலேயே நான்கு நாளாக சிக்னல் இல்லை. தார்ரோட்டை விட்டால் சேறும் வேரும் கல்லுமாக ஒரு தடம்தான். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. வேலையை முடித்து மூன்று மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரத்தில் முன்பக்கம் டக், டக் என்று சத்தம். ஸ்டியரிங் கையில் நடுங்கியது.

“என்ன தங்கச்சி சத்தம்?” என்று பக்கத்தில் இருந்த பாய் கேட்டார்.

“கல்லு பாய். ஒண்ணும் இல்ல.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பயந்துவிட்டாள் என்று நினைப்பார்களோ, அடுத்த தடவை வேறு டிரைவரைக் கூப்பிடுவார்களோ என்ற பயம்தான். பெருமை என்றும் சொல்லலாம். வாய்க்குள்ளேயே ஜெபித்தேன். ஆண்டவரே, கீழே ரோடு வரைக்கும் எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், அது போதும் என்றேன்.

கடைசி வளைவுக்கு முன்னால் ஒரு சின்ன சமதளம் உண்டு. அங்கே வந்ததும் இன்ஜின் இருமியது. அப்படியே அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பற்றவே இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் கேட்டது என்ன, நீர் செய்வது என்ன? வேலையைக் கொடுத்துவிட்டு இவர்கள் முன்னால் இப்படித் தலைகுனிய வைப்பீரா? இதுதான் அன்றைய என் ஜெபம்.

சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கல் தேடி துலால் தாதா பின்னாலிருந்து இறங்கினார். முன்பக்கம் வந்தவர் அசையாமல் நின்றார். பிறகு, வண்டியை ஆட்டாமல் ஒவ்வொருவராக மெதுவாக இறங்குங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். குரலே மாறியிருந்தது.

இறங்கிப் பார்த்தேன். ஐந்து போல்ட் இருக்கிற சக்கரம். ஒரு போல்ட் முறிந்துபோயிருந்தது. மூன்றில் நட்டே இல்லை. ஐந்தாவதின் நுனியில் ஒரே ஒரு நட்டு, விரலால் சுற்றலாம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. விழப்போகிற பால்பல் மாதிரி சக்கரம் சாய்ந்திருந்தது.

பாய் நடந்துபோய் வளைவை எட்டிப் பார்த்தார். அந்த இடத்தில் இடதுபக்கம் நேராகப் பள்ளம், அடியில் ஓடை. திரும்பி வந்து, “தங்கச்சி, வண்டி எங்க நின்னிருக்குன்னு பாரு” என்று மட்டும் சொன்னார். நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் அல்லாவுக்கு நன்றி சொன்னார். துலால் தாதா கைகூப்பி நெற்றியில் வைத்துக்கொண்டார். எனக்கு ஸ்தோத்திரம் என்ற ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. ரோடு வரைக்கும் கொண்டுபோகச் சொல்லிக் கேட்டேனே, அதை ஆண்டவர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆனாலும் இன்னும் இறங்கவேண்டுமே. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்ன செய்யவேண்டும் என்று நீரே சொல்லும் என்று கேட்டேன். அப்போது பையிலிருந்த போனில் டிங் டிங் என்று பழைய மெசேஜ்கள் வந்து விழுந்தன. நாங்கள் சரிபண்ணின டவர்! முழு சிக்னல். நான் வீட்டுக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரர்தான் எடுத்தார்.

அழுதுகொண்டே சொன்னேன். நான் முடித்ததும், “நல்ல போல்ட் எத்தனை? எண்ணிச் சொல்லு” என்றார்.

“நாலு.”

“நட்டு?”

“ஒண்ணு.”

“அழாத. மத்த மூணு சக்கரத்துலயும் ஒவ்வொரு நட்டு கழட்டு. எல்லாத்துக்கும் நாலு நாலு ஆச்சு. மெதுவாப் போனா வீடு வந்து சேரலாம்.”

எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன்! பழைய அருள்ராஜ் பேசினார். ஜாக்கி சேற்றில் புதையாமல் இருக்க அடியில் பலகை போடச் சொன்னார். நட்டு உட்காருகிற இடத்திலுள்ள மண்ணைத் துணியால் துடைக்கச் சொன்னார். நட்டின் கூம்பான பக்கம் உள்ளே போகவேண்டும் என்றார். ஒன்றை ஒரேயடியாக இறுக்காதே, எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு, வண்டியைக் கீழே இறக்கின பிறகு மறுபடியும் இறுக்கு என்றார். முக்கால் மணி நேரம் போனை வைக்கவே இல்லை. பிறகு, “இப்ப ஸ்டார்ட் பண்ணு” என்றார். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

டீசலில் தண்ணீர் கலந்திருக்கும், அதனால் நின்றிருக்கும் என்று பிறகு மெக்கானிக் சொன்னார். இருக்கலாம். நான் வாதாட வரவில்லை. எந்த இடத்தில் நின்றது என்பதுதான் எனக்குத் தெரியும்.

வழியில் இரண்டு தடவை நிறுத்தி நட்டுகளைப் பார்த்து, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்தோம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். என்னைத் திட்டவில்லை. “நாளையில இருந்து நான் பாக்காம வண்டி வெளிய போகக்கூடாது” என்றார்.

அதிலிருந்து தினமும் காலையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஜீப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். இறுக்கின ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரம் வரைக்கும் சிவப்பில் ஒரு கோடு இழுத்திருக்கிறோம். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோடு நெயில் பாலிஷ். பாலிஷே போடாத நான் கடையில் போய்க் கேட்டபோது சபை அக்காமார் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். விஷயம் தெரிந்தபிறகு அடுத்த பாட்டிலை அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள்! நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்டேன். சக்கரம் கழற்றி மாட்டினால் ஐம்பது கிலோமீட்டரிலேயே மறுபடி இறுக்குகிறேன். காட்டுப்பாதை போய்வந்தால் அன்றைக்கே பார்க்கிறேன். இப்போது மற்ற ஜீப்காரர்களும் வண்டியைக் கொண்டுவந்து, அண்ணே ஒரு பார்வை பாருங்க என்று அவரிடம் நிற்கிறார்கள். பேச்சு நிற்பதே இல்லை. சில நாள் நான்தான் போதும் என்று சொல்லவேண்டியிருக்கிறது.

இப்போதும் கிளம்புமுன் ஜெபிக்கிறேன், நட்டுகளைப் பார்த்த பிறகு. என் கையில் தந்ததை நான் செய்யாமல் விட்டேனே என்று ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை. அன்றைக்கு நான் கேட்டது ரோடு வரைக்கும் ஒரு வழி. அவர் எனக்கு மூன்று உயிரையும், என் வீட்டுக்காரரையும் சேர்த்துத் தந்தார்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது, எவ்வளவோ ஜெபித்தும் பாதி வழியில் எல்லாம் நின்றுபோயிருக்கலாம். கோபம் வந்தால் அவரிடமே சொல்லுங்கள், நான் சொன்னேன், அவர் தாங்கிக்கொண்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள். உங்களை அவர் நிறுத்தியிருக்கிற இடம் பத்திரமான இடம்.