என்னில் பாதி

மெவ்லிதா இருபத்திரண்டு வருடங்களாக எலும்பை அரைக்கிறாள். பாஸ்னியாப் போரில் காணாமல் போனவர்களின் எலும்புகள்; எது யாருடையது என்று டிஎன்ஏ ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதற்காக. அவளுடைய அப்பா ஹம்தியாவும் அவர்களில் ஒருவர். முதல் ஐந்து வருடம் ஒவ்வொரு பையைத் திறக்கும்போதும் அவரை நினைத்தாள். பிறகு நினைப்பதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

உயிருள்ள செல்லில் டிஎன்ஏ தினமும் ஆயிரக்கணக்கான இடங்களில் சேதப்படுகிறது. முறுக்கிக் கிடக்கும் இரண்டு இழைகளில் ஒன்று கெட்டால், எதிர் இழையைப் பார்த்து அந்த இடத்தைச் செல் சரிசெய்துகொள்ளும். செத்த பிறகு சரிசெய்ய யாருமில்லை. மண்ணின் ஈரத்தில் இழை துண்டு துண்டாகிறது. அந்தத் துண்டுகளைத்தான் ஆய்வகத்துக் கருவி நகலெடுக்கிறது. சூடாக்கினால் இழைகள் பிரியும். ஆறவைத்தால் ஒவ்வொன்றும் தனக்கொரு ஜோடியைக் கட்டிக்கொள்ளும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். கருவிக்கு ஆள் பேதம் கிடையாது. அரைத்தவளின் தோல் துகள் விழுந்திருந்தால் அதையும் கோடியாக்கிவிடும். ஆகவே ஊழியர்களின் டிஎன்ஏ குறிகளும் கணினியில் உண்டு. பழைய எலும்பில் பாதிதான் படிக்கக் கிடைக்கும் என்பதால், பாதி ஒத்தாலே அந்த ஊழியரின் பெயரில் எச்சரிக்கையாகச் சிவப்புக் கோடு விழும்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அது மெவ்லிதாவின் பெயரில் விழுந்தது.

"என்னக்கா, எலும்புக்குள்ளயே போய் உக்காந்துட்டீங்க? தும்மினீங்களா?" என்றான் பக்கத்து மேசை ஜெனான்.

"தும்ம எங்கடா நேரம்."

மேலாளர் ராசியா தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "தூக்கமில்லாம வேலை செஞ்சா இப்படித்தான். கொட்டிட்டு இன்னொரு துண்டு வெட்டுங்க."

இருந்ததே உள்ளங்கை நீளத் தொடையெலும்பு. இன்னொரு வெட்டு என்றால் அந்தக் குடும்பத்துக்குப் புதைக்க அவ்வளவு குறையும். வெட்ட மனம் வராமல் மெவ்லிதா தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டிஎன்ஏவில் சோதித்த ஒவ்வோரிடத்திலும் இரண்டு எண்கள்: தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. அவளுடைய தோல் விழுந்திருந்தால் சில இடங்களிலாவது இரண்டும் ஒத்திருக்க வேண்டும். இங்கே எல்லா இடத்திலும் ஒன்றுதான் ஒத்தது. ஒன்றுமே ஒத்துப்போகாத இடம் எதுவும் இல்லை. கடைசி வரியில் ஆண் என்றிருந்தது. முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தாள்.

"ஜெனான், இது நான் இல்லடா."

"பின்ன?"

"என்னில் பாதி."

அவன் எழுந்து வந்து பார்த்தான். சொந்தக்காரரின் எலும்பை ஊழியர் தொடக்கூடாது என்பது விதி. மீந்த பொடியை வைத்து அவனே மறுபடி சோதித்தான். மூன்று வாரத்தில் உறுதியானது. அது ஹம்தியாதான்.

எல்லாக் குடும்பத்துக்கும் தரும் படிவம் மெவ்லிதாவுக்கும் வந்தது: கிடைத்ததை வருடந்தோறும் ஜூலையில் நடக்கும் கூட்டு அடக்கத்தில் இந்த முறையே புதைப்பதா, மீதி கிடைக்கக் காத்திருப்பதா? அவள் அம்மா ஷெஃபிக்கா வருடக்கணக்காக ஒரே பதில்தான் சொல்லிவந்தாள். முழு ஆளாக வந்தால்தான் புதைப்பேன்.

"எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

மெவ்லிதா உள்ளங்கையைக் காட்டினாள். "இடது தொடைம்மா."

ஷெஃபிக்கா சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் நனைத்துக் கடித்தாள். "மழைக்கு முன்னால வலிக்குதுன்னு அதத்தான் தேய்க்கச் சொல்லி உசுர வாங்குவாரு."

"நீ முழுசா வேணும்னியே. காத்திருக்கலாம்."

"மீதி வந்தா மறுபடி தோண்டிச் சேத்து வைப்பாங்கல்ல?"

"வைப்பாங்க."

"அப்ப ஜூலையிலயே வெச்சிரு. இன்னும் காத்துக்கிட்டு நிக்கிறதுக்கு எனக்கும் முட்டி தாங்கல."

மெவ்லிதா பேனாவைத் தேடினாள்.