நான்கு விரல் தூரம்

மடங்காத முழங்கையை மடக்க வைப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. பிசியோதெரபி அறையில் நாள் முழுக்க "வலிக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே நிற்கும் என் சக பாவிகளுக்கு மற்றதைச் சொல்லத் தேவையில்லை.

கிண்ணம்

அத்தை வயதுப் பெண்களை சைகோனில் 'கோ' என்போம். கோ லான் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடது முழங்கை நழுவியபோது, எலும்பு வைத்தியர் இழுத்து, இலை வைத்துக் கட்டினார். வீக்கம் வடிந்தது, எலும்பு இடத்துக்கு வரவில்லை. ஆறு மாதம் கழித்து எங்களிடம் வந்தபோது கை கம்பு மாதிரி நீட்டியே இருந்தது. புதிதாக நழுவியதை இழுத்தே பொருத்திவிடலாம். பழையதைத் திறந்து, இடையில் வளர்ந்த தழும்பை அகற்றி, சுருங்கிய பின்கைத் தசையை நீட்டிவிட்டுத்தான் பொருத்த முடியும். டாக்டர் அதைச் சரியாகவே செய்தார்.

இங்கே சோற்றுக் கிண்ணத்தை இடது கையால் உதடுவரை தூக்கிச் சாப்பிட வேண்டும். மேசையில் வைத்துக் குனிந்து தின்பது கேவலம். கை எதற்காக மடங்க வேண்டும் என்று கேட்டேன்.

"மூணு மாசத்துல பொண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி கிண்ணத்தத் தூக்கணும், மகளே. அது போதும்."

வாசனை

காலிக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். முதலில் நெஞ்சுவரை வந்தது. ஐந்தாம் வாரம் உதட்டுக்கு நான்கு விரல் கீழே. அங்கேயே நின்றது, பிறகு இறங்கத் தொடங்கியது. அந்த நாட்களில் அவர் கையில் மூலிகைச் சாராய வாசனை. தழும்பின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு நீலம். யாரோ அழுத்தித் தேய்க்கிறார்கள். அப்படித் தேய்த்தால் தசைக்குள் எலும்பு வளரலாம் என்று படித்திருக்கிறேன். வயதில் பெரியவரான அவரைக் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று கூசி, கிண்ணத்தை மட்டும் நீட்டினேன். இரண்டு வாரம் இப்படியே.

"இன்னைக்குக் கை கொஞ்சம் சோம்பேறி. திட்டாதே" என்றார்.

எக்ஸ்ரே

படத்தில் மூட்டுக்கு முன்னால் புகைபோலப் புது எலும்பு. யார் தேய்த்தது என்று டாக்டர் கேட்டார். மகள்தான், தினமும், அதே வைத்தியர் கொடுத்த மருந்தில். கல்யாணத்துக்குள் அம்மாவின் கை மடங்கிவிட வேண்டுமே என்று. அந்த எலும்பு முற்றும்வரை மறுபடி கத்தி வைக்க முடியாது, ஒரு வருடமாவது ஆகும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். வாசனையை அப்போதே கவனித்தேன் என்று கோ லானிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"அவகிட்ட சொல்லிடாதே. கல்யாணப் பொண்ணு."

விருந்து

என்னையும் அழைத்திருந்தார். பட்டுச் சட்டையின் நீளக் கை தழும்பை மறைத்திருந்தது. சம்பந்தியம்மா அவர் கிண்ணத்தில் மீனும் இறைச்சியுமாக வைத்துக்கொண்டே இருந்தார். கோ லான் சிரித்தபடி வலது கையால் மற்றவர்களுக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தார். கிண்ணம் நிரம்பி, ஆறிப்போய், அப்படியே மேசையில் இருந்தது. என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"பசியில்லேன்னு சொன்னேன். நம்பிட்டாங்க."

பிறர் முழங்கையை மடக்கப் படித்த எனக்கு, என் வாயைத் திறக்கத்தான் இன்னும் பயிற்சி போதவில்லை.