ஊர் இல்லாத நண்டுகள்

இன்று தபால் கந்தோருக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

விலங்கியல் மேற்படிப்புக்காக லண்டனுக்கு நான் அனுப்பிய விண்ணப்பம், தணிக்கை அதிகாரியின் மேசையில் சல்லடையாகக் கிடந்தது. அதோடு இணைத்திருந்த, நம் துறைமுகத்து நண்டுகளைப் பற்றிய கட்டுரையில் எந்தக் குடா, எவ்வளவு ஆழம் என்ற வரிகளையெல்லாம் கத்தரித்திருந்தார்.

“பிள்ளை, நண்டில எனக்கு ஒரு கோவமும் இல்லை. சண்டை நேரத்தில துறைமுகத்தின்ர ஆழத்தை வெளியில விட ஏலாது.”

“அது இல்லாட்டி இது ஆராய்ச்சியே இல்லை, ஐயா.”

அவர் சங்கடத்தோடு அலுமாரியைத் திறந்து ஓர் உறையைக் காட்டினார். மேலே என் பெயர். உள்ளே வெட்டிய துண்டுகள்.

“சண்டை முடிய வாங்கோ, தாறன்.”

மீதியை அனுப்பிவிட்டேன்.

எந்தக் கடல் நண்டு என்று லண்டன் பேராசிரியர் கேட்டால் என்ன எழுதலாம்? யோசனை சொல்லுங்கள். பதிலில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த உறை ஏற்கெனவே நிறைந்துவிட்டது.